அசாமில் வேலை, ஈரோட்டில் குடும்பம்: போகலாமா, வேண்டாமா?

கேள்வி:

எனக்கு 29 வயது. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, அப்புறம் தொலைநிலைக் கல்வியில் பட்டமும் வாங்கினேன். ஈரோடு பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை. சம்பளம் 16,000 ரூபாய். டெட், சிடெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வுகள் இரண்டிலும் தேர்ச்சி. இப்போது கேந்திரிய வித்யாலயாவில் தொடக்கநிலை ஆசிரியராகத் தேர்வாகி நியமன ஆணையும் வந்துவிட்டது. ஆனால் போஸ்டிங் அசாமில், திப்ரூகர் அருகே. கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மூன்று வயதில் மகன். வீட்டுக் கடன் தவணை மாதம் 12,500 கட்டுகிறோம். கணவர் “உன் இஷ்டம்” என்கிறார். அத்தையோ “அந்த ஊரில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும், பையனை அங்கே அனுப்ப மாட்டேன்” என்கிறார். ராஷ்ட்ரபாஷா வரை இந்திப் பரீட்சை எழுதியிருந்தாலும் எனக்குப் பேச வராது. ஒரு வருடத்தில் தமிழ்நாட்டுக்கு மாறுதல் வாங்கிவிடலாம் என்கிறார்கள் சிலர். காத்திருந்தால் மாநில அரசு வேலையே கிடைக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

முதலில் வாழ்த்துகள். இந்தத் தேர்வில் தேறுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் கேந்திரிய வித்யாலயாக்களில் ஆசிரியையாகவும் பிறகு முதல்வராகவும் பல மாநிலங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் கடிதம் முழுக்க பயமும் கணக்குமாக இருக்கிறது, சந்தோஷம் ஒரு வரியில்கூட இல்லை. 16,000 சம்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டு, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, படித்துத் தேறியிருக்கிறீர்கள். முடிவு எதுவானாலும் அந்தப் பெருமை உங்களுடையது.

போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் மாறுதலை நம்பிப் போகாதீர்கள். ஐந்து வருடம் அங்கேயே இருக்க வேண்டி வந்தாலும் சமாளித்துக்கொள்வோம் என்று நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க முடிந்தால் போங்கள். அந்தப் பேச்சில் இருவரில் ஒருவருக்காவது “ஒரு வருடம் என்றால் சரி, அதற்கு மேல் முடியாது” என்று தோன்றினால், இந்த வேலையை விட்டுவிடுவது நல்லது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், அந்த “ஒரு வருடத்தில் மாறுதல்” பேச்சை நம்பி வந்த இளம் ஆசிரியைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்காமல் இருப்பார்கள். கட்டில் வாங்க மாட்டார்கள், அக்கம்பக்கத்தில் பழக மாட்டார்கள். மாறுதல் பட்டியல் வருகிற மாதத்தில் சாப்பாடு இறங்காது. பட்டியலில் பெயர் இல்லை என்றதும் அழுகை, மறுபடி அடுத்த வருடத்துக்குக் காத்திருப்பு. வேலையும் கெட்டு உடம்பும் கெட்டதுதான் மிச்சம்.

கணக்கைப் பாருங்கள். நாடு முழுக்க 1,250-க்கும் மேற்பட்ட கேந்திரிய வித்யாலயாக்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பவை ஐம்பதைத் தாண்டாது. ஊருக்குத் திரும்ப நினைக்கும் தமிழ் ஆசிரியர்கள் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறார்கள். மாறுதல் ஆன்லைனில், எத்தனை வருடம் எங்கே இருந்தீர்கள், உடல்நிலை, கணவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பதற்கெல்லாம் புள்ளி போட்டுத்தான் நடக்கிறது. கணவன் மனைவி ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்ற சலுகை, இருவரும் அரசுப் பணியில் இருந்தால் நன்றாக உதவும். பனியன் கம்பெனி வேலையைக் காட்டி அந்தச் சலுகை கிடைக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். கஷ்டமான ஊர்களில் வேலை பார்த்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்பதால், திப்ரூகர் நாளைக்கு உங்களுக்குச் சாதகமாகவே அமையலாம். ஆனால் அது எப்போது என்று யாராலும் தேதி குறித்துத் தர முடியாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. “டெல்லியில் ஆள் இருக்கிறது, இவ்வளவு கொடுத்தால் போஸ்டிங்கையே மாற்றிவிடலாம்” என்று யாராவது வருவார்கள். நியமனப் பட்டியல் வந்ததும் இப்படி ஆட்கள் முளைப்பது வழக்கம். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அதேபோல, எம்.பி. லெட்டர் வாங்கி அனுப்பலாம் என்று உறவினர்கள் சொன்னால் தடுத்துவிடுங்கள். பணி விஷயத்துக்கு அரசியல் சிபாரிசு கொண்டுவருவது மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 20-வது விதிப்படி தவறு. வேலையில் சேரும்போதே கோப்பில் அப்படி ஒரு காகிதம் ஏற வேண்டாம்.

இனி பண விஷயம். தொடக்கநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 35,400. 2025 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58 சதவீதம், அது 20,532. திப்ரூகர் மாதிரி ஊரில் வீட்டு வாடகைப்படி 10 சதவீதம், 3,540. பயணப்படி அகவிலையோடு சேர்த்து 2,844. மொத்தம் 62,316. ஓய்வூதியக் கணக்குக்கு, அதாவது என்பிஎஸ்ஸுக்கு, சுமார் 5,600 பிடிப்பார்கள். அதே கணக்கில் நிர்வாகமும் தன் பங்கைப் போடும். சின்னப் பிடித்தங்கள் எல்லாம் போகக் கையில் 56,000 வரும். பள்ளிக் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் வாடகைப்படி வராது, ஆனால் வாடகையும் கிடையாது.

இரண்டு குடித்தனம் என்றால் செலவு இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். அங்கே வாடகை, சாப்பாடு, பையனைப் பார்த்துக்கொள்ள ஆள், வருடத்துக்கு ஓரிரு முறை ஊருக்குப் போய் வரும் செலவு, எல்லாம் சேர்த்தாலும் இப்போது வாங்கும் 16,000-ஐவிட நல்ல தொகை மிஞ்சும். வீட்டுக் கடன் தவணையை உங்கள் சம்பளத்திலிருந்தே கட்டலாம். ஆனால் முதல் சம்பளம் உடனே வராது. என்பிஎஸ் கணக்கு எண் வர வேண்டும், பணிப் பதிவேடு திறக்க வேண்டும், சான்றிதழ்கள் சரிபார்க்க வேண்டும். இரண்டு மாதம் இழுத்தால் ஆச்சரியப்படாதீர்கள். மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு போங்கள். நகையை அடகு வைக்க வேண்டியிருந்தால் இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், அங்கே போய்க் கைமாற்று கேட்டு நிற்க வேண்டாம்.

மாநில அரசு வேலைக்குக் காத்திருப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2018-இல் வந்த அரசாணைக்குப் பிறகு டெட் பாஸ் செய்தால் மட்டும் போதாது, தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். அந்த முறையில் இடைநிலை ஆசிரியர்களுக்கான போட்டித் தேர்வு நடக்கவே 2024 ஜூலை ஆகிவிட்டது. இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600. 2009-க்குப் பின் சேர்ந்தவர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு எத்தனை முறை சென்னையில் உட்கார்ந்து போராடினார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். சொந்த மாவட்டத்தில் இருக்கலாம் என்பது பெரிய விஷயம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வராத வேலைக்காக வந்த வேலையை விடாதீர்கள். அங்கே இருந்துகொண்டே மாநிலத் தேர்வுக்கும் விண்ணப்பிக்கலாம், முறையாகப் பள்ளி வழியாக அனுமதி வாங்கிக்கொண்டு. அப்படி வாங்கி விண்ணப்பித்திருந்தால், பின்னால் இங்கே வேலை கிடைக்கும்போது விட்டு வருவதும் சுலபம்.

இப்போது உங்கள் அத்தையின் பயம். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். 1990-களில் செய்தித்தாளில் அசாம் என்றாலே குண்டுவெடிப்பும் கடத்தலும்தான். அந்த நினைவில் சொல்கிறார். இப்போது நிலைமை வெகுவாக மாறிவிட்டது. 2023 டிசம்பரில் உல்ஃபா என்ற ஆயுதக் குழுவின் பேச்சுவார்த்தைப் பிரிவு மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டது. இன்னொரு பிரிவு ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கிறது, அதனால் பிரச்சனை முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவ்வப்போது பந்த் அறிவிப்பார்கள், கடைகள் அடைத்திருக்கும், அன்றைக்கு வீட்டில் இருந்துவிட வேண்டியதுதான். ஆனால் திப்ரூகர், தின்சுகியா, துலியாஜான் பக்கம் ஆயிரக்கணக்கான வெளிமாநிலக் குடும்பங்கள் வாழ்கின்றன. எண்ணெய் நிறுவனம், ரயில்வே, வங்கி, ராணுவம், தேயிலைத் தோட்டம் என்று எல்லா இடத்திலும் வெளியூர்க்காரர்கள். அவர்களில் தமிழர்களும் இருப்பார்கள். அங்குள்ள கேந்திரிய வித்யாலயாக்கள் பலவும் இப்படி ஒரு முகாமுக்கோ நிறுவனக் குடியிருப்புக்கோ உள்ளேதான் இருக்கின்றன. உங்கள் பள்ளி அதில் எந்த வகை என்று முதலில் விசாரியுங்கள். வளாகத்துக்குள் குவார்ட்டர்ஸ் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

நான் அத்தைக்குச் சொல்ல விரும்புவது வேறு. அங்கே பயப்பட வேண்டியது துப்பாக்கிக்கு அல்ல, கொசுவுக்கும் மழைக்கும்தான். மேல் அசாமில் மூளைக்காய்ச்சல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தலைகாட்டும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பையனுக்குப் போட்டிருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். இல்லையென்றால் கிளம்பும் முன்பே குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். கொசுவலை இல்லாமல் ஒரு இரவுகூடத் தூங்கக் கூடாது. ஏப்ரலில் ஆரம்பிக்கும் மழை செப்டம்பர் தாண்டியும் இருக்கும். துணி காயாது, அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வடகிழக்கு முழுக்க நிலநடுக்க அபாயம் அதிகம் உள்ள பகுதி. 1950 ஆகஸ்ட் 15 அன்று அங்கே வந்த நிலநடுக்கம் 8.6 அளவு. வாடகைக்கு வீடு பார்க்கும்போது மூன்றாவது மாடியைவிட, தகரக் கூரை போட்ட பழைய மாதிரித் தனி வீடு கிடைத்தால் அதை எடுங்கள். அங்கே அதை அசாம் டைப் வீடு என்றே சொல்வார்கள்.

இன்னொன்று, வெளிச்சம். ஜூன் மாதத்தில் நாலரை மணிக்கு முன்பே விடிந்துவிடும். டிசம்பரில் மாலை நாலரைக்கு இருட்டிவிடும். தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னே வைத்துத்தான் வேலை நடக்கிறது. முதல் குளிர்காலத்தில் நம் ஊர்ப் பெண்களுக்கு இதுதான் அதிகம் மனசை அழுத்தும். பள்ளி விட்டு வந்து, பையனுக்குச் சாப்பாடு கொடுத்து நிமிர்ந்தால் இருட்டு. அந்த நேரத்துக்கு ஏதாவது ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு டீச்சரோடு தேநீரோ, ஊருக்கு வீடியோ காலோ, எதுவாக இருந்தாலும் சரி.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உண்மையில் பலர் முதலில் கஷ்டப்படுவது அதில்தான். டெல்லி, ராஜஸ்தான் போகிறவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அசாம் அரிசி சாப்பிடும் ஊர். சோறு, பருப்பு, கீரை, மீன்தான் அன்றாடச் சாப்பாடு. நம் புளிக்குழம்பு போல அவர்களுக்குப் புளிப்பாக ஒரு மீன் குழம்பு உண்டு, டெங்கா என்பார்கள். கறிவேப்பிலை கிடைக்காதே என்று காயவைத்து மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே நரசிங்க என்ற பெயரில் வீட்டுத் தோட்டங்களிலேயே வளர்கிறது. சின்ன கிரைண்டர், நல்ல பெருங்காயம், ஆறு மாதத்துக்கு சாம்பார் பொடி, இவை போதும். நம் பொங்கலும் அவர்களுடைய மாக் பிஹுவும் ஒரே நாள்களில் வரும். அறுவடை முடிந்து, முதல் நாள் இரவு ஊரே கூடிச் சமைத்துச் சாப்பிட்டு, விடிகாலையில் மூங்கிலும் வைக்கோலும் அடுக்கித் தீ மூட்டுவார்கள். யாராவது கூப்பிட்டால் பையனைத் தூக்கிக்கொண்டு கட்டாயம் போங்கள்.

வகுப்பறைக்கு வருகிறேன். உங்கள் பெரிய பயம் இந்தி என்று தெரிகிறது, அது நியாயமான பயம். தொடக்க வகுப்பு ஆசிரியர் பெரும்பாலும் ஒரே வகுப்பின் எல்லாப் பாடங்களையும் எடுப்பவர். அதில் இந்தியும் உண்டு. ராஷ்ட்ரபாஷா வரை எழுதியிருப்பதால் எழுத்துக் கூட்டிப் படிப்பீர்கள், எழுதுவீர்கள். அது பெரிய முதலீடு. பேச்சுதான் வர வேண்டும். சேர்ந்ததும் தலைமையாசிரியரிடம் நேராகச் சொல்லுங்கள்: “முதல் வருடம் இந்தி பீரியடை வேறொருவர் எடுத்தால், அவர் வகுப்புக்கு நான் ஆங்கிலமோ கணக்கோ எடுக்கிறேன்.” பல பள்ளிகளில் இப்படிப் பரிமாறிக்கொள்வது வழக்கத்தில் உள்ளதுதான். மறைத்துச் சமாளிக்கப் பார்த்தால்தான் சிக்கல். பெற்றோர் புகார் வந்த பிறகு சொல்வதைவிட முதல் நாளே சொல்வது மரியாதை.

கிளம்பும் வரை இருக்கும் நாள்களில் இலக்கணத்தைத் தொடாதீர்கள். மூன்றாம் வகுப்புக் கணக்கை இந்தியில் நடத்திப் பழகுங்கள். இருபத்தேழையும் பதினைந்தையும் கூட்டும்போது மிஞ்சும் ஒன்றை அவர்கள் ஹாசில் என்பார்கள். கழித்தலில் கடன் வாங்குவதற்கு உதார். கூட்டல் ஜோட், கழித்தல் கடாவ், பெருக்கல் குணா, வகுத்தல் பாக். ஒன்று முதல் நூறு வரை எண்களை மனப்பாடமாகச் சொல்லிப் பழகுங்கள். இதில் நம்மவர்கள் தடுமாறுவது 29, 39, 49 போன்ற எண்களில். உன்தீஸ், உன்தாலீஸ், உன்சாஸ் என்று அடுத்த பத்தை வைத்து வரும். வேகமாகக் கேட்டால் உன்சாஸா உன்சட்டா என்று குழம்பும். குழந்தைகள் அங்கேதான் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கோபப்படாதீர்கள். “அப்படியானால் நீயே சொல்லிக்கொடு” என்று கரும்பலகைக்குக் கூப்பிடுங்கள். டீச்சருக்குச் சொல்லிக்கொடுக்கக் கிடைத்த வாய்ப்பை எந்தக் குழந்தையும் விடாது, ஒரு வாரத்தில் வகுப்பே உங்கள் பக்கம் வந்துவிடும்.

அந்த வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கும் இந்தி வீட்டு மொழி கிடையாது. அசாமியா பேசும் குழந்தை, வங்காளி பேசும் குழந்தை, ராணுவ வீட்டிலிருந்து வந்த மலையாளக் குழந்தை, தோட்டப் பகுதியிலிருந்து சாத்ரி பேசிக்கொண்டு வரும் குழந்தை என்று எல்லாரும் இருப்பார்கள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்று தவிக்கும் பிள்ளையின் சிரமம் அதை அனுபவிக்கிற ஆசிரியருக்குத்தான் சட்டென்று புரியும். அசாமியா மொழியிலும் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். கடையிலும் ஆட்டோவிலும் அது தரும் மரியாதையே தனி.

உங்கள் மகனைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். அவனை உங்களோடு கூட்டிப்போங்கள். முதல் ஆறு மாதத்துக்கு உங்கள் அம்மாவோ அத்தையோ கூட வரட்டும். மூன்று வயதுப் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போனால் உங்களுக்கு வேலையில் மனம் நிற்காது. திடீரென்று காய்ச்சல் என்று போன் வந்தால் அன்றைக்கே கிளம்பி வர முடிகிற தூரமும் இல்லை. சில கேந்திரிய வித்யாலயாக்களில் மூன்று வயது முடிந்தவர்களுக்குப் பால்வாடிகா என்ற மழலையர் வகுப்பு இருக்கிறது. உங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது ஆக வேண்டும், ஊழியர் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் சிக்கல் இருக்காது. அத்தையே ஆறு மாதம் வந்து இருந்து பார்த்துவிட்டால், அவர் பயத்துக்கு நான் இங்கிருந்து எழுதும் பதில் எதுவும் தேவைப்படாது. “நீங்கள் வந்தால்தான் எனக்குத் தைரியம் அத்தை” என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றவரையே துணைக்குக் கூப்பிடும்போது மனசு மாறும்.

குழந்தைப் பராமரிப்பு விடுப்பை நம்பித் திட்டம் போடாதீர்கள். பெண் ஊழியருக்கு மொத்தம் 730 நாள் உண்டு என்று எல்லாரும் சொல்வார்கள், அது உண்மை. ஆனால் முதல் இரண்டு வருடம் உங்களுக்குத் தகுதிகாண் பருவம். அந்தக் காலத்தில் மிக அவசரமான சூழ்நிலை தவிர அதைத் தர மாட்டார்கள். கையில் இருப்பது வருடத்துக்கு எட்டு நாள் தற்செயல் விடுப்பும் பள்ளி விடுமுறைகளும்தான்.

பையனுக்குத் தமிழ் மறந்துவிடுமோ என்று பின்னால் கவலை வரும், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். வீட்டுக்குள் தமிழ் மட்டும் பேசுங்கள். அவன் இந்தியில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். எழுத்தை ஐந்து வயதில் ஆரம்பிக்கலாம். நம் மாநிலப் பாடப்புத்தகங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் சிறுவர்களுக்கான பாடங்கள் இருக்கின்றன.

கணவர் “உன் இஷ்டம்” என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது சம்மதம் ஆகாது. அவர் மனசில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தனியாக இருக்க வேண்டுமே என்ற கவலையா, மனைவி சம்பளம் தன்னைவிட அதிகமாகிவிடும் என்ற சங்கடமா, பிள்ளையைப் பிரிவதா? எதுவாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லட்டும். அவர் உடனே வேலையை விட்டு வர வேண்டாம். முதல் வருடம் அவர் திருப்பூரிலேயே இருக்கட்டும், வருடத்தில் இரண்டு முறை அங்கே வரட்டும், கோடை விடுமுறைக்கு நீங்கள் இங்கே வாருங்கள். ஒரு வருடம் முடிந்ததும் இருவருமாக மறுபடி யோசியுங்கள். முதல் பயணத்தில் அவரும் கூட வந்து, வீடு பார்த்து, பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்புவது அவசியம். நீங்கள் எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டால் தொலைவில் இருப்பவருக்குப் பாதி நிம்மதி.

பயணத்துக்கு, கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் ஈரோட்டிலேயே நிற்கிறது. நாட்டிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில் அது. மூன்று நாளைக்கு மேல் ஆகும், தாமதமும் ஆகும். சாமான்களோடு போகும் முதல் பயணத்துக்கு அது சரி. குழந்தையோடு அடிக்கடி அதில் போய் வர முடியாது. குவாஹாட்டி அல்லது கொல்கத்தா வழியாக விமானத்துக்குச் சேமித்து வையுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால் கோடை விடுமுறை டிக்கெட்டுக்குத் திறக்கிற அன்று காலையிலேயே உட்கார வேண்டும். ஒரு வருட சர்வீஸ் முடிந்த பிறகு சொந்த ஊர் போய் வர எல்டிசி என்ற பயணச் சலுகை உண்டு. ரயிலில் இரண்டாம் ஏசி வரை உங்களுக்குத் தகுதி. சேரும்போது சொந்த ஊர் எது என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அதில் ஈரோட்டைத் தெளிவாக எழுதுங்கள். பலர் அவசரத்தில் தற்போதைய முகவரியை எழுதிவிட்டுப் பின்னால் அலைகிறார்கள்.

காகித வேலைதான் இந்த வாரம் நீங்கள் ஆரம்பிக்க வேண்டியது. இப்போது வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் உங்கள் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்திருக்கிறார்களா? அப்படி வைத்திருந்தால், ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் சரிபார்ப்புக்கு வேண்டும் என்று சொல்லி அவற்றை வாங்கிவிடுங்கள். அனுபவச் சான்றிதழும் பி.எஃப். எண்ணும் வாங்குங்கள்.

அடுத்து, பெயர். வடக்கே நம்மவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் இது. பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராக நிற்கும். அங்குள்ள அலுவலருக்கு இவை மூன்று வேறு ஆட்கள். என்பிஎஸ் கணக்கு திறக்க முடியாமல் சம்பளமே நின்றுபோகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிறபடியே ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் திருத்துங்கள். நேரம் போதாவிட்டால், எல்லாப் பெயரும் ஒரே நபருடையவைதான் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று ஆங்கிலத்தில் தயார் செய்து கையில் வையுங்கள்.

இடஒதுக்கீட்டில் தேர்வாகியிருந்தால் சாதிச் சான்றிதழைப் பாருங்கள். நம் மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், வராதவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர நாளாகும், அதனால் இதை முதலில் செய்யுங்கள். மருத்துவத் தகுதிச் சான்றிதழை யாரிடம் வாங்க வேண்டும் என்று நியமன ஆணையிலேயே இருக்கும். குடும்ப டாக்டரிடம் வாங்கிக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள்.

ஸ்கூட்டரை ரயிலில் கொண்டுபோக நினைத்தால், வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கிவிட்டுப் போங்கள். பழைய வண்டி என்றால் இங்கேயே விற்றுவிடலாம்.

கடைசியாக, ஆணையில் போட்டிருக்கும் சேரும் தேதி. அதற்குள் போகாவிட்டால் நியமனம் ரத்தாகும். நீட்டிப்பு கேட்கலாம், கொடுப்பது அவர்கள் விருப்பம். உங்களுக்குக் கூடுதல் நாள் வேண்டுமென்றால், தேதி நெருங்கும் வரை காத்திருக்காமல் இப்போதே பள்ளி முதல்வருக்கும் தின்சுகியா மண்டல அலுவலகத்துக்கும் காரணத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் எழுத்தில் வரும் வரை பழைய தேதியையே கணக்கில் வைத்து டிக்கெட் போடுங்கள். அந்த மின்னஞ்சலிலேயே மூன்று விஷயம் கேட்டுவிடலாம்: குவார்ட்டர்ஸ் காலியாக இருக்கிறதா, பால்வாடிகா இருக்கிறதா, பள்ளியில் தமிழ் பேசும் ஆசிரியர் யாராவது இருக்கிறார்களா. பெரும்பாலும் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் போன் வரும்.